பதினான்கு டிசம்பர்

தாசையன் குடித்துவிட்டு வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து மனைவி புளோரன்ஸை அடிப்பான். ஆனால் ஒவ்வொரு டிசம்பர் ஒன்றாம் தேதியும் கோயிலுக்குப் போய், கிறிஸ்துமஸ் முடியும்வரை குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வான். பதினான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அதை மீறியதில்லை. அந்த நாட்களில் வாசலில் நட்சத்திரம் கட்டுவான், அடுப்பருகே உட்கார்ந்து அச்சுமுறுக்கு சுட்டுத் தருவான், அவளுடைய தழும்புகளைப் பார்க்காமல் சிரித்துப் பேசுவான். வருஷத்தில் தனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் மாதம்தான் என்று புளோரன்ஸ் எல்லோரிடமும் சொல்வாள்.

ஜூலையில் அவன் ஈரல் கெட்டுச் செத்தான். கல்லறைத் தோட்டத்தில் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவன் அக்காள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி காலையில் புளோரன்ஸ் தேங்காய்ப்பாலில் மாவு கரைத்து, அடுப்பில் எண்ணெய் காயவைத்தாள். எண்ணெய் புகைந்து வீடெல்லாம் நாறியது. பக்கத்து வீட்டு லில்லி ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது, அவள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அடக்கத்தன்னைக்கே அழாதவ, இப்ப எதுக்குட்டி அழுவுத?" என்றாள் லில்லி.

"அன்னைக்குப் போனவரு போட்டும்க்கா," என்றாள் புளோரன்ஸ். "இந்த மாசத்து மனுசன் இன்னும் வரலியே."