எடுக்கிற வரை

குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அரிசி களைந்தாயிற்று. தண்ணீர் ஊற்றியாயிற்று. அடுப்பைப் பற்றவைப்பதுதான் பாக்கி.

அதைத்தான் செய்யக் கூடாது.

தெருக்கோடியில் நல்லமுத்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். நேற்று மதியம் போய்ச் சேர்ந்தார். மூத்த மகன் துபாயிலிருந்து வந்தால்தான் எடுப்பார்கள். எடுக்கிற வரை தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. இந்த ஊர் வழக்கம்.

விடிந்ததும் வந்துவிடுவான், வெயில் ஏறுமுன் எடுத்துவிடலாம் என்றார்கள். அதை நம்பி அப்பாவுக்குக் காலையில் இன்சுலின் போட்டுவிட்டாள். இப்போது சாயங்காலம் ஆகும் என்கிறார்கள்.

விமானத்துக்கு என்ன, அதற்கா சர்க்கரை வியாதி.

அப்பா கட்டிலில் சுருண்டு கிடந்தார். சற்று முன் அவருக்குக் கை நடுங்கியது. நெற்றி வியர்த்தது. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்தாள். நடுக்கம் நின்றது. ஆனால் எத்தனை தடவை சர்க்கரைத் தண்ணீரே கொடுப்பது?

"ஒரு வாய் சோறு இருந்தாத் தேவலாம் கண்ணு" என்றார். அவர் எதையும் கேட்கிற மனிதர் இல்லை.

நேற்று இரவு ரொட்டி. இன்று காலை பிஸ்கட். டீக்கடைக்காரர் இறந்தவருக்குப் பங்காளி, கடை பூட்டிக் கிடக்கிறது. டவுனுக்குப் பஸ் சாயங்காலம்தான்.

சேலத்திலிருந்து இந்த ஊர்த் தபால் ஆபீசுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து வழக்கம் சொல்லித் தருகிறார்கள். விளக்கு வைத்த பிறகு உப்புக் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்காதே. கோயில் தெருவில் செருப்புப் போடாதே. சாவு விழுந்தால் உலை வைக்காதே. ஆளுக்கொரு 'கூடாது' சொன்னார்கள். வீட்டுக்கு வா என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. போஸ்டாபீஸம்மா.

ஊரோடு ஒத்து வாழ் என்பார் அப்பா. வாழ்ந்து பார்த்துவிட்டாள். வயிறு காய்ந்ததுதான் மிச்சம்.

போதும்.

அடுப்பைப் பற்றவைத்தாள். மூடியைப் போட்டு, அதன் மேல் விசில் குண்டையும் போட்டாள். தெருக்கோடியில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் விசில் எங்கே கேட்கப்போகிறது.

மேளக்காரர்கள் பீடி பற்றவைக்க நிறுத்தினார்கள்.

குக்கர் அப்போதுதான் கத்தியது. அத்தனை நேரம் சும்மா இருந்த சனியன்.

ஜன்னல் வழியே பார்த்தாள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்பாரிகூட ஒரு நொடி நின்றது.

பக்கத்து வீட்டுப் பூமயில் எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு விறுவிறுவென்று வந்தாள்.

வரட்டும். சண்டைக்கு அவளும் தயாராக இருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது.

பூமயில் முன்வாசலுக்கு வரவில்லை. கொல்லைப்புறமாக வந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். கரண்டிக் காம்பால் குண்டை நெம்பி எடுத்தாள். ஆவி புஸ்ஸென்று அடங்கியது.

"குண்டப் போட்டா சமைப்பாக? நேத்துலருந்து தெருவே சமைக்குது. ஒரு சத்தம் வந்துச்சா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பூமயில் பேசும்போது பூண்டு ரசம் மணத்தது. அப்புறம் விளங்கியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே அக்கா. எங்கப்பா பட்டினி கெடக்கறாரு."

"இதெல்லாம் வாய்விட்டுச் சொல்ற பேச்சா?"

பூமயில் கொல்லைப்புறமாகவே போய்விட்டாள். சற்று நேரத்தில் பந்தலிலிருந்து அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

அப்பா சோற்றை மோரில் கரைத்துச் சாப்பிட்டார். மறுசோறும் கேட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

அவளுக்கு இறங்கவில்லை. அடுப்பு எரித்ததற்கு யாராவது சண்டை பிடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். தெருவிலேயே அந்த வழக்கத்தைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். அதுவும் பெற்ற தகப்பனைக் காயப்போட்டு. இந்த ஊரின் மேல் மண் விழ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வருத்தப்படவும் இல்லை.

சாயங்காலம் மகன் வந்தான். எடுத்தார்கள்.

பெண்கள் ஊருணியில் தலை முழுகிவிட்டு ஈரச் சேலையோடு திரும்பினார்கள். நல்லமுத்துவின் தங்கை அவள் வாசலில் நின்றாள். பின்னால் பூமயில். அதற்குப் பின்னால் தெருவே.

"என்னத்தா, சாப்டீகளா?"

எல்லோருக்கும் காது இருக்கிறது. எல்லோரும் மதியம் அந்த விசிலைக் கேட்டவர்கள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

எடுத்துச் சொல்ல மதியம் முழுக்கச் சேர்த்துவைத்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

"எடுக்காம எப்படிக்கா அடுப்புப் பத்தவைக்கறது? இனிமேதான்" என்றாள்.

கண் சிமிட்டாமல் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

"அதுவுஞ் சரிதேன்."

ஒருத்தி அவள் வாசற்படியில் உட்கார்ந்து கூந்தலை உதறினாள். இன்னொருத்தியும் உட்கார்ந்தாள். உன் பேர் என்னத்தா என்று யாரோ கேட்டார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.