முதல் மடக்கு

"என்னம்மா இது? வெந்நீருக்கு இலையைக் காட்டிட்டு எடுத்துட்டியா?"

பட்டாபிராமன் கோப்பையை வைத்த சத்தத்தில் பக்கத்து மேசை பெங்காலித் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். சால்ட் லேக் ஆபீசில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, டாக்குரியாவில் மஹிமா இந்த டீ ரூமைத் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும் மனிதர் திட்டுவதற்குக் கூடுதல் உரிமை எடுத்துக்கொண்டார்.

முதல்முறை வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் அவள் இவரிடமும் சொல்லியிருந்தாள். முதலில் காய்ந்த இலையை முகர வேண்டும், மணற்கடிகாரத்தில் மணல் இறங்கி முடியும்வரை பொறுக்க வேண்டும், பாலும் சர்க்கரையும் கிடையாது.

"எனக்கே பாடம் எடுத்தியே!" என்று சிரித்தார். "நான் டீ டேஸ்டர். இந்த ஊர் ஏலத்துக்கு வர்ற தேயிலை என் நாக்கைத் தாண்டித்தான் போகணும். நான் முகத்தைச் சுளிச்சா தோட்டக்காரனுக்கு அன்னிக்குத் தூக்கம் போச்சு!"

இவர் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையை மூடிவிட வேண்டியதுதான்.

டார்ஜிலிங்கின் முதல் கொழுந்தைப் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தார்.

"வைக்கோலைக் கொதிக்க வெச்சாக்கூட இதைவிட மணக்கும்."

அந்த நேரம் பார்த்து உள்ளே ரொட்டி கருகித் தொலைத்தது. தீய்ந்த வாடை கடை முழுக்கப் பரவ, பெங்காலித் தம்பதி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இதற்கும் ஒரு குத்தல் வரும் என்று மஹிமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரோ காய்ந்த இலை வைத்த தட்டிலேயே குனிந்திருந்தார். நல்லவேளை!

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி, பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக அசாம் டீ வந்தது. ஒரு மடக்குத்தான் குடித்தார்.

"இலை வாங்கத் தெரியாதவாள்ளாம் கடை வெச்சா இப்படித்தான். உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை?"

பெரிய நாக்கு! மஹிமாவின் பொறுமை போய்விட்டது.

"பிடிக்கலைன்னா எழுந்து போங்க, சார். மத்தவங்க ரசிச்சுத்தான் குடிக்கிறாங்க."

சொல்லிவிட்டுக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார். டீ சட்டையில் சிந்தியது.

ஜெயலக்ஷ்மி மெல்ல அவர் தோளைத் தொட்டாள்.

"ஏன்னா, இன்னிக்கும் வாசனை தெரியலையா?"