சித்தின்னு கூப்பிடு

"பேப்பர் ஓட்டையாகிற வரைக்கும் ரப்பர் வெச்சுத் தேய்ச்சிருக்கா. நீங்களே பாருங்க!"

வகுப்பாசிரியை அந்த ஓவியத் தாளை மேசைமேல் தட்டி வைத்தாள். 'என் குடும்பம்' என்று தலைப்பு. சித்தி, சித்தப்பா, இரண்டு அண்ணன்கள், நடுவில் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண். எல்லார் தலைக்கு மேலும் யார் என்று எழுதியிருந்தது. சித்தியின் தலைக்கு மேல் மட்டும், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

படத்தில் இருந்த சித்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலி. முழங்கால் மோவாயை முட்டாத குறை. ஓட்டல் சலவைக்கூடத்தில் பாதி வேலையில் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். மணிக்கட்டு வரை இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள்.

"என்ன எழுதியிருந்தா தெரியுமா? 'அம்மா'ன்னு. உங்க படத்துக்கு மேல! எழுதிட்டு, 'ஐயோ, சித்தி பாத்தா கோவிச்சுக்கும்'னு அழிச்சிருக்கா. அஞ்சரை வயசுங்க அதுக்கு!"

சித்தி அந்த ஓட்டையையே பார்த்தாள். "அழிச்சது சரிதான் டீச்சர். அவளுக்கு அம்மா எங்க அக்கா. நான் சித்தி."

ஆசிரியைக்குச் சுருக்கென்று வந்தது. எப்போதுமே வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேர்வழி. தாயில்லாப் பிள்ளை விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம், அவளும் அப்படி வளர்ந்தவள்தான். வீட்டில் 'சிட்டு' என்று அழைக்கப்படும் அந்தக் குழந்தையிடம் ஒரு வாரமாக நைசாகப் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கறந்து வைத்திருந்தாள்.

"தினம் சாயங்காலம் பரீட்சை வைக்கிறீங்களாமே?"

"பரீட்சையெல்லாம் இல்லை. அக்காவைப் பத்திக் கேப்பேன்."

"என்ன கேப்பீங்க?"

"அம்மா என்ன வேலை பாத்தா? வீடு வீடாத் தபால் கொடுத்தா. எந்தக் கையால எழுதுவா? இடது கை. எதைப் பாத்தா பயப்படுவா? பல்லி. ஜோக் சொன்னா என்ன பண்ணுவா? சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளே சிரிச்சிடுவா, மிச்சத்தை நாமதான் யூகிச்சுக்கணும்..." சொல்லும்போதே சித்தியின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"தப்பாச் சொன்னா?"

சித்தி ஓவியத் தாளின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"நான் சொல்றேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிடுவீங்க. அன்னைக்குப் பூரா பேச்சு கிடையாது. போன வாரம், அம்மா முகமே ஞாபகம் வரலைன்னு ஒரு மூச்சு அழுதிருக்கா. மடியில போட்டுச் சமாதானம் பண்ணீங்களா? போட்டோவை எடுத்து நீட்டியிருக்கீங்க!"

"அக்கா போகும்போது இவளுக்கு மூணரை வயசு டீச்சர். நான் விட்டேன்னா, அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதே இவளுக்குத் தெரியாமப் போயிடும்." கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அக்காவுக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான்."

"உங்க பசங்க ரெண்டு பேரும் நாள் முழுக்க உங்களை அம்மா, அம்மான்னுதானே கூப்பிடறாங்க? அதே வீட்டுல, அதே பாயில படுக்கிறவ கூப்பிட்டா மட்டும் அதட்டுறீங்க. 'சித்தின்னு கூப்பிடு, சித்தின்னு கூப்பிடு'ன்னு. அக்கா பிள்ளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

சித்தி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். திட்டினால் திருப்பித் திட்டுகிறவர்களை ஆசிரியையால் சமாளிக்க முடியும். இப்படி அழுத்தமாக உட்கார்ந்திருப்பவளைக் கண்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பல்ல வேலை பாக்கற அவங்கப்பா நம்பர் என்கிட்ட இருக்கு. இப்பவே பேசப் போறேன். குழந்தையை அவங்க அத்தை வீட்டுல கொண்டு விடுறதுதான் நல்லதுன்னு சொல்லப் போறேன்."

சித்தி பதறி எழுந்ததில் நாற்காலி உருண்டது.

"வேணாம் டீச்சர்! அவர் ஏற்கெனவே அந்த யோசனையிலதான் இருக்கார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கூட்டிட்டுப் போயிடுவார். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? காகிதத்துல நான் வெறும் சித்தி."

"சரி, ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், 'இனிமே அம்மான்னே கூப்பிடு'ன்னு அவகிட்ட சொல்லுங்க. நான் போன் பண்ணலை."

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சிட்டு மணலில் கால் புதைய, யாருடனோ ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்ற சித்தி, கடைசியில் தலையை அசைத்தாள்.

"அது மட்டும் என்னால முடியாது."

"என்ன மனுஷிங்க நீங்க? பெத்தவளா இருந்தா இப்படிக் கல்லு மாதிரி நிப்பாளா?" ஆசிரியை போனை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

சித்தியின் கை பாய்ந்து அந்தப் போனை மூடியது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"பெத்தவதான் டீச்சர் நிக்கிறேன். பதினோரு வருஷம் பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்த அக்கா கையில, இவ பொறந்த மூணாம் நாளே நான்தான் தூக்கிக் கொடுத்தேன்" என்றாள் மெதுவாக. "அவ செத்துட்டாங்கிறதுக்காக, கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கலாமா?"