மூன்றால் வகுபட்ட எண்

தாலிக்குப் பதிலாக, மணமக்கள் தத்தம் பகா எண்ணை ஒருவர் காதில் ஒருவர் சொல்லி மணமுடிக்கும் வழக்கம் வந்திருந்தது. பிறந்தபோதே கிடைக்கும், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாத, நூறு இலக்க எண்; அதை வாழ்வில் ஒரு துணைக்கு மட்டுமே தரலாம்.

நாச்சியப்பனும் உமையாளும் குழந்தைக்கு எண் வாங்கப் பதிவகம் போனார்கள். அதற்குப் பெற்றோர் இருவரின் எண்ணும் வேண்டும். இருவர் எண்ணையும் உமையாளே மனப்பாடமாக ஒப்பித்தாள்.

“உங்களோடது சரிம்மா. சாரோடது பகா எண்ணே இல்லையே. மூணால வகுபடுது,” என்றாள் பதிவாளர்.

“உங்க மெஷினைப் பாருங்க! இவுக வாயால சொன்னது. இவுக பொய் சொல்ல மாட்டாக,” என்று சீறினாள் உமையாள்.

நாச்சியப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். இந்த மணம் ஒத்துவராவிட்டால் இன்னொருத்திக்கு ஆகட்டும் என்று தன் எண்ணை ஒளித்துவிட்டு, மணநாளில் அவள் காதில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தான். அதைத்தான் அவள் தினமும் விளக்கேற்றிச் சொல்லிக் கும்பிட்டு வந்தாள்.

“மெஷின் சரிதான்,” என்றான்.

உமையாள் அவன் கையை விலக்கினாள். பிறகு, “பிள்ளைக்காவது நிசத்தைச் சொல்லுங்க,” என்றாள்.

தலைகுனிந்தபடி, ஒளித்து வைத்த எண்ணைச் சொல்லத் தொடங்கியவன், பாதியில் தடுமாறினான். பதிவாளர் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். உமையாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.