உறுப்பினருக்கு மட்டும்

"ஏழாவது மாடியிலிருந்து விழுந்த லிஃப்டை இந்த ஒத்தைக் கையால பிடிச்சு நிறுத்தினவன் நான்! எனக்கு ஒரு பூட்டு தேடித் தர உனக்கு அரை நாளா?"

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த மகள் திரும்பவே இல்லை. "போன மாசம் அஞ்சாவது மாடின்னீங்க."

"கட்டடம் வளருதும்மா, அதுக்கு நான் என்ன பண்ண?"

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். தன் சாகசங்களை எழுதவென்றே ஒரு வெப்சைட் வைத்திருந்தார். லிஃப்டுக்குள் நடந்த பிரசவம், லிஃப்டுக்குள் சிக்கிய குதிரை, ஒரு வாரம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்த லிஃப்ட் எல்லாம் அதில் உண்டு. வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு அவருடைய வலது கையே போதும். அதிலும் மூன்று விரல் நிமிராது.

இப்போது அந்த ஏழாவது மாடிக் கதையின் கடைசிப் பகுதியை மட்டும் உறுப்பினர்களுக்கென்று மூடி வைக்க வேண்டுமாம். அதற்குத்தான் வெப்சைட்டில் மாட்டும் ப்ளக்-இன் தேடல். அவர் பாஷையில் அது பூட்டு.

"இத்தனை வருஷம் திறந்து கிடந்ததுக்கு இப்போ எதுக்குப்பா பூட்டு?"

"உனக்குத்தான் வேலை நிரந்தரமாயிடுச்சே."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அப்பா பேச்சில் சம்பந்தம் தேடுவதை அவள் பள்ளிக்கூட நாளிலேயே விட்டுவிட்டாள்.

"சரி, கேளுங்க. மூணு இருக்கு. முதல் பூட்டு பார்க்க ராஜா மாதிரி. சந்தாவும் அதுவே வசூல் பண்ணிடும்."

"உள்ள வர்றவன் யாருன்னு எனக்குத் தெரியுமா?"

"அவங்க வச்சுக்கிற பட்டப்பேர் தெரியும்."

"வேண்டாம். அடுத்தது?"

"இலவசம். ஒரு மெயில் ஐடி கொடுத்தா திறந்துக்கும்."

"மெயில் ஐடி நானே நாப்பது வச்சிருக்கேன். தள்ளு."

"மூணாவது சுத்த மட்டம்ப்பா. செல் நம்பரைக் கொடுத்து, அதுக்கு வர்ற ஓடிபியைப் போட்டாத்தான் உள்ள விடும். அந்த நம்பர் நமக்குத் தெரியும். எவன் கொடுப்பான்? இன்னொரு கொடுமை, உள்ள வந்து ஏதாவது எழுதிட்டா, எழுதினவங்களாலயே அழிக்க முடியாது. வாங்கினவங்க அத்தனை பேரும் திட்டித் தீர்த்திருக்காங்க."

அவர் துள்ளி எழுந்த வேகத்துக்கு மின்விசிறியில் தலை இடிக்காதது அதிசயம். "அதான்! அதையே போடு!"

"ஒரு ஆள்கூடச் சேர மாட்டாங்க."

"ஒரே ஒரு ஆள் வந்தா போதும்."

"யாரு, உண்மைவிளம்பியா?" மகள் சிரித்துவிட்டாள்.

'உண்மைவிளம்பி' என்ற பெயரில் ஒருவர், ஏழாவது மாடிக் கதை வரும்போதெல்லாம் அதன் கீழே, 'இப்படி எதுவும் நடக்கவில்லை. எல்லாம் புளுகு' என்று எழுதிவிட்டுப் போவார். குதிரைக் கதையை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

சிரிப்பு நின்றதும் அவள் குரல் மாறியது. "இந்தக் கதையை விடவே மாட்டீங்களாப்பா? குடிச்சிட்டு மெஷின்ல கையை விட்டீங்க, வேலை போச்சு. அங்கேயே மேனேஜரா இருந்த மாமாவாலயே உங்களைக் காப்பாத்த முடியல. 'பாப்பா, நீ படி, நான் இருக்கேன்'னு அவர் சொல்லலைன்னா இன்னைக்கு நான் எங்க இருப்பேன்? அம்மா சாகுற வரைக்கும் உங்க குடியைச் சொல்லியே அழுதாங்க."

"நான் குடிக்கலம்மா."

"அப்போ லிஃப்டுக்குள்ள யாரு இருந்தாங்க? ஒரு தடவை மந்திரிங்கிறீங்க. ஒரு தடவை கல்யாணப் பொண்ணுங்கிறீங்க. நிஜமா ஒரு ஆள் இருந்திருந்தா வந்து சொல்லட்டும். நம்புறேன்."

"அதுக்குத்தான் பூட்டு" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்ன வாக்கியம் வந்து அவள் கேட்டதே இல்லை.

மூன்றாவது பூட்டையே மாட்டிக் கொடுத்தாள். உள்பக்கத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை அவரே இடது கை ஒற்றை விரலால் தட்டினார். அதுவரை அவளைக் காபி போட அனுப்பிவிட்டார். வெளியே எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: 'அன்று அந்த லிஃப்டுக்குள் இருந்தவரின் பெயர் இதோ...' அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். 'உறுப்பினருக்கு மட்டும். உள்ளே எழுதுவது வெளியே யாருக்கும் தெரியாது.'

மறுநாள் காலை அவள் ஆபீசுக்குச் செருப்பு மாட்டும்போது போன் சிணுங்கியது. பூட்டை மாட்டியவள் அவள் என்பதால் தகவல் அவளுக்குத்தான் வரும்.

"அப்பா! உங்க உண்மைவிளம்பி நிஜமாவே சேர்ந்துட்டாரு!"

முகம் மழித்துக்கொண்டிருந்தவர் பாதி நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கான்? புளுகுன்னுதானா?"

அவள் உள்பக்கத்தைத் திறந்தாள். அப்பா தட்டியிருந்தது ஒரே வரி: 'உள்ளே இருந்தவரே சொல்லட்டும்.' அதன் கீழே உண்மைவிளம்பியின் பதில். பக்கத்தில் அவருடைய செல் நம்பர்.

அது யாருடையது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. காலேஜ் ஃபீஸ் கட்டும் நாள் வரும்போதெல்லாம் கூசிக் கூசி அவள் அழுத்திய நம்பர் அது.

"படிம்மா" என்றார் அப்பா.

அவள் போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கடைசியில் அவளே படித்தாள்.

"மாப்பிள்ளை, நடந்தது. அன்னைக்கு நீங்க பிரேக்கைக் கையால அமுக்கிப் பிடிக்கலைன்னா நான் இன்னைக்கு இல்லை. நீங்க குடிச்சிருக்கவும் இல்லை. என் வேலையைக் காப்பாத்திக்க நான் கட்டின கதை அது. பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."