அப்பன் ஜாடை

"எம்பொண்ணு தமிழ்மொழி அப்படியே அப்பன உரிச்சு வெச்சிருக்கா!" என்று தெருவெல்லாம் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தாள் பூமாலை.

கரும்புக் கொல்லையிலிருந்து வந்த கணவன் பொன்னுரங்கம் திகைத்தான். மகள் தன் ஜாடைதான் என்று இத்தனை வருடமாக அவனோடு மல்லுக்கு நின்றவள் இவள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

கீமோவுக்குப் பிறகு முளைத்துவரும் முடியைப் பூமாலை தடவிக்கொண்டாள். "நம்ம பொண்ணோட டெஸ்ட் ரிசல்ட் வந்திச்சுங்க. கட்டி வளராம தடுக்குற ஜீன் எனக்குப் பொறவியிலயே பழுது. அந்தப் பழுது இவளுக்கு இல்லியாம்!"

பக்கத்தில் நின்ற தமிழ்மொழி சிரித்தாள். "அந்த ஜீன் ஆளுக்கு ரெண்டும்மா. உனக்கு ஒண்ணுதான் பொறவியிலயே பழுது. நல்லா இருந்த இன்னொண்ணும் மாருல கெட்டப்பதான் கட்டி வந்திச்சு. நீ எனக்குக் குடுத்தது அந்த நல்லதத்தான்!"

பூமாலை கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். காலி.

"இன்னாங்க, இன்னொரு கிலோ வாங்கிக்கினு வாங்க. தெருவுல மாத்திச் சொல்லணும்!"