யாருடைய கேபிள்?

2019 ஜூலை 12, மலாவியின் லிம்பே நகரம். தேயிலைப் பெட்டிகளை அனுப்பும் அந்தக் கிளை அலுவலகத்தில் மேலாளரையும் சேர்த்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். திங்கட்கிழமை முதல் இரண்டு பேர் போதும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. யார் போவது என்பதை மேலாளர் ம்சிஸ்காவின் பொறுப்பில் விட்டிருந்தது.

காலையிலேயே ஒரு பிரிண்டர் வந்து இறங்கியது. தலைமை அலுவலகத்தில் பட்டனைத் தட்டினால், லிம்பானி அடித்துவந்த அனுப்புச் சீட்டு இங்கே தானே அச்சாகும்.

“உன் வேலையத்தான் இது செய்யப் போவுது, லிம்பானி,” என்றாள் கணக்கு எழுதும் எஸ்னாத். சிரிக்கவில்லை.

“இதுக்குக் கூட்டல் கணக்கும் தெரியுமாம், அக்கா.”

அவனுக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் கணவன் ஜோஹன்னஸ்பர்க் போனவன் போனவன்தான். இருவருமே ம்சிஸ்காவிடம் போய் எதுவும் கேட்கவில்லை. வெளியே தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

பிரிண்டரை இணைக்க வந்த உலேமு, “எங்க வைக்கட்டும், ப்வானா?” என்று மேலாளர் அறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

“என் ரூம்லயே வை,” என்றார் ம்சிஸ்கா உள்ளிருந்து.

“போச்சு. இனி ஒவ்வொரு தாளுக்கும் நாம அவர் கதவத் தட்டணும்,” என்று லிம்பானி முணுமுணுத்தான்.

“நாமன்னு சொல்லாத. ஒருத்தர்தான் தட்டப்போறோம்.”

உலேமு கேபிளை இழுத்துக்கொண்டு சுவரிலிருந்த, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிவரை வந்தான். அதில் ஐந்து துளைகள். ஒன்று மின்னலில் கருகியிருந்தது, ஒன்றில் வெளி இணைப்பு. மற்ற மூன்றிலும் ஆளுக்கொரு கேபிள்.

“சொருக இடமே இல்லையே. வேற பெட்டி இருக்கா?”

“எழுதிக் கேட்டா அடுத்த மாசம் வரும். அப்ப நான் இருந்தா வாங்கி வைக்கிறேன்,” என்றான் லிம்பானி.

உலேமு மேலாளரின் அறைக்குள் எட்டிப் பார்த்தான். “ப்வானா, ஒரு கேபிளக் கழட்டினாத்தான் இது ஓடும். யாரோடதக் கழட்ட?”

எஸ்னாத் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். லிம்பானி பாதி அடித்திருந்ததைச் சேமித்துவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ம்சிஸ்கா கதவருகே வந்து நின்றார். மூன்று கேபிள்களையும் ஒருமுறை பார்த்தார்.

“என்னோடதக் கழட்டுப்பா.”